கிணற்றடியில் விழுந்தால் இந்த எலும்பு முறியாது

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பிள்ளைகளின் விபரம், ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்றதெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

“டொக்டர் அக்கா, எனக்கு 34 வயது. அவருக்கு மேசன் வேலை. போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு வெறியில் வந்து, சோறு ஆறிப்போச்சு என்று தொடங்கி, உடைந்த கதிரைக் காலால் அடித்தார். கையைத் தூக்கித் தடுத்தேன். அடிக்க முதல் பொக்கெட்டிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார், அது மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. விடிந்து பத்து மணிக்குத்தான் மாமி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னோம். நடுக்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்திருக்கு என்று பிளாஸ்டர் போட்டார்கள். சின்ன வயது டொக்டர் ஒருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ‘உண்மையாவே விழுந்ததா அக்கா?’ என்று இரண்டு தரம் கேட்டார். எனக்குச் சரியான கோபம். அவருக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொல்லியிருந்தால் பொலிஸ் வந்திருக்குமா? இவர் குடியை விட்டால் இதெல்லாம் நிற்குமா? குடிக்காத நேரம் நல்ல மனிசன். இன்னொன்று, இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏழெட்டு மாதமாக நித்திரைக் குளிசை போடுகிறேன், பார்மசியில் தெரிந்த பிள்ளை தரும். சில இரவுகளில் அவர் மிச்சம் வைத்த சாராயத்தில் ஒரு வாயும். இது ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் என்னைக் குடிகாரி என்று எழுதிப் பிள்ளைகளை எடுத்துவிடுவார்களா?”

தங்கச்சி,

முதலில் அந்த டொக்டர் தம்பியின் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் கடிதத்தில் உங்கள் கோபம் முக்கால்வாசி அவர்மேல்தான் இருக்கிறது, அடித்தவர்மேல்கூட அவ்வளவு இல்லை.

முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன, பெருவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. வழுக்கி விழுகிறவர் தன்னையறியாமல் உள்ளங்கையை நிலத்தில் ஊன்றுவார், பாரம் முழுதும் அதில் இறங்கும், அப்போது பெரும்பாலும் முறிவது மணிக்கட்டுக்குக் கிட்ட, பெருவிரல் பக்கத்து எலும்பு. மாரி காலத்தில் கிணற்றடிப் பாசியில் சறுக்கி வருகிற அம்மாமாரின் கையைத் தூரத்தில் நின்று பார்த்தே அந்த முறிவைச் சொல்லிவிடலாம். தலையில் அடி விழப்போகிறது என்று கையைக் குறுக்கே தூக்குகிறவருக்கு முறிவது மற்றது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, அதுவும் நடுவில், தனியாக. அடி விழுகிற பக்கத்துக்கு அந்த எலும்புதான் முன்னால் நிற்கும். அதனால்தான் அவர் கேட்டார். கிணறு எப்படி உங்கள் நடுக்கையில் வந்து அடிக்கும்?

எலும்பு மட்டுமில்லை. இரவு பட்ட காயத்துக்குக் காலை பத்து மணிக்கு வருகிறீர்கள். உங்களிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமி பதில் சொல்கிறார் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் சொல்லியிருப்பார், பந்தயம் கட்டுவேன்). சொல்கிற கதையும் காயமும் ஒத்துப்போகாதபோது பெண்ணிடம் மெதுவாகக் கேட்டுப் பார் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே இருக்கிறது. ஆனால் தனியாக வைத்துக் கேள் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தத் தம்பி பிழைவிட்டது அங்கேதான், மாமியை வைத்துக்கொண்டு கேட்டால் எந்த மருமகள் ஓம் என்பாள்? நாங்கள் பழைய ஆட்கள் இதற்கு எக்ஸ்ரே அறையைத்தான் பாவிப்போம். கதிர் படும், கூட வந்தவர்கள் வெளியே நில்லுங்கள் என்றால் மாமியும் நிற்பார், கணவனும் நிற்பார், ஒருவருக்கும் சந்தேகம் வராது. அந்த இரண்டு நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம்.

சரி, பொலிஸ். நேராகவே சொல்கிறேன், மறைத்துப் பிரயோசனமில்லை. ஒருவர் அடித்த காயம் என்று டிக்கெட்டில், அதாவது உங்கள் வைத்தியக் குறிப்பில், எழுதினால் வைத்தியசாலையில் இருக்கிற பொலிசுக்குத் தகவல் போகும், அது நடைமுறை. அவர்கள் வந்து வாக்குமூலம் கேட்பார்கள். பிறகு சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பார்ப்பார், அதற்கு உங்கள் சம்மதம் கேட்பார். வாக்குமூலத்தில் என்ன சொல்வது என்பது உங்கள் கையில்தான். ஆனால் ஒன்று தெரிந்து வைத்திருங்கள், எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவில் எலும்பு முறிவு ‘பாரதூரமான காயம்’ என்ற வகைக்குள் வருகிறது. வீட்டுச் சண்டையில் கை பட்டுவிட்டது, பெரியவர்கள் பேசித் தீர்ப்போம் என்று நாளைக்கு யாராவது வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேனே, இனி மாற்றிச் சொல்லலாமா என்ற யோசனையும் இருக்கும். மாற்றலாம். பயத்தில் முதலில் வேறு கதை சொல்கிற பெண்களை நாங்களும் சட்ட வைத்திய அதிகாரிகளும் பார்க்காத மாதமில்லை. எக்ஸ்ரேயில் முறிவு நீங்கள் சொன்ன கதைக்கேற்ப இடம் மாறாது.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், கடைசியில் எழுதியிருந்தாலும் உங்களுக்கு அதுதான் முதல் கேள்வி என்று விளங்குகிறது.

வன்னியில் வெவ்வேறு வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். அடிபட்டு வருகிற ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆம்பிளை இரவில் வருவார், அதுவும் சனிக்கிழமை, அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிற நாள், கோயில் திருவிழா முடிந்த இரவு. நாலு கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு வருவார்கள், அவர்களுக்கும் வெறி, ஏற்றி வந்த ஓட்டோக்காரருக்கும் சிலவேளை வெறி. அடித்தவன் இன்னொரு ஆம்பிளை, இடம் கள்ளுத் தவறணை அல்லது ரோட்டு, அடித்தது இன்னார் என்று வாசலிலேயே கத்திச் சொல்வார்கள். போயா நாளில் மதுக்கடை பூட்டியிருக்கிறதே என்று நாங்கள் ஆறுதலாக இருக்கவும் முடியாது, முதல் நாளே வாங்கி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது கசிப்பு. இப்போது இளம் பெடியங்கள் ஐஸ் போதைப்பொருள், போதைக் குளிசை என்று வருகிறார்கள், அது வேறு கதை, இரண்டு பேர் பிடித்தாலும் கட்டிலில் நிற்கமாட்டார்கள்.

பொம்பிளை காலையில் வருவாள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சமைத்து வைத்துவிட்டு, குளித்து, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வருவாள். அடித்தவர் யார் என்று கத்த யாரும் கூட வரமாட்டார்கள், கூட வருகிறவரே பல நேரம் அடித்தவர்.

இதில் குடியை நாங்கள் எப்படி எழுதுகிறோம் என்று பாருங்கள். ஆம்பிளைக்கு வாயில் மணம் வந்தால் ‘மதுபோதையில் வந்தார்’ என்று ஒரு வரி, அத்தோடு விஷயம் முடிந்தது, தையல் போடுகிற நேர்ஸ்கூடச் சிரித்துக்கொண்டே ‘அண்ணை எவ்வளவு போட்டவர்?’ என்பார். அதே மணம் ஒரு பொம்பிளையிடம் வந்தால் வாட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஏதோ சாட்டு வைத்து வந்து எட்டிப் பார்ப்பார்கள். நாட்டின் சட்டமே அப்படித்தானே. 1979இலிருந்து பெண்களுக்கு மதுபானம் விற்பது தடை, 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் சொன்னார். பெண்கள் குடிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை, ஒருவரும் குடிக்காமல் இருந்தால் எனக்குப் பாதி வேலை குறையும். ஆனால் குடி ஆம்பிளைக்கு மன்னிப்பாகவும் பொம்பிளைக்குக் குற்றமாகவும் இருக்கிற ஊரில், மருந்து எழுதுகிற எங்கள் கையும் அந்த ஊர்க் கைதான்.

என் கையும்தான். பல வருடத்துக்கு முதல், எந்த வைத்தியசாலை என்பது தேவையில்லை, ஒரு இரவு இளம் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கசிப்பு மணம், கதை குழறுகிறது, கன்னத்தில் ஒரு கன்றல். கொண்டுவந்த மனிசன் ‘குடிச்சிட்டு விழுந்திட்டாள் டொக்டர், மானம் போகுது’ என்றான். நானும் ஒரு பொம்பிளை, ஆனால் என் மனதில் முதலில் வந்த சொல் ‘குடிகாரி’தான். சேலைன் ஏற்றி, தெளியட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கழுத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. விடியப் போய்ப் பேசச் சொன்னால் குரல் அடைத்திருக்கிறது, எச்சில் விழுங்க நோகிறது என்கிறாள், கண்ணின் வெள்ளையில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். கழுத்தை நெரித்திருக்கிறான். வெளியே ஒரு விரல் அடையாளம்கூட இல்லை, பலருக்கு இருப்பதில்லை. அவள் அந்த இரவில் மூச்சடைத்துப் போயிருந்தால் ‘அளவுக்கு மீறிய குடி’ என்று நானே எழுதியிருப்பேன். நோவுக்குத்தான் குடிக்கத் தொடங்கினாளாம், முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதிருந்தே அடி. துணையிடம் அடிபடுகிற பெண்களுக்கு மதுப் பிரச்சினை வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை வர முதலே எனக்கு அதைப் படிப்பித்தவள் அவள்.

ஆகவே உங்கள் குளிசைக்கும் அந்த ஒரு வாய்ச் சாராயத்துக்கும் நான் முகம் சுளிக்கப் போவதில்லை. அடிபட்டு நித்திரையில்லாமல் கிடக்கிற ஒரு மனிசி, கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறாள். ஆனால் பயப்படுகிறேன், அதை மறைக்கமாட்டேன். நித்திரைக் குளிசையும் சாராயமும் இரண்டும் மூளையில் ஒரே வேலையைச் செய்கிறவை, மூச்சு விடச் சொல்கிற இடத்தையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். கால் போத்தல் சாராயம் உடம்பைவிட்டுப் போகவே ஐந்து ஆறு மணித்தியாலம் வேண்டும், நீங்கள் குடிப்பது அதில் கொஞ்சம் என்றாலும் குளிசையோடு சேரும்போது கணக்கு மாறும். நீங்கள் எழும்ப முடியாத நித்திரையில் கிடக்கிற இரவில் அவர் வெறியில் வந்தால், பிள்ளை எழுப்பினால், வீட்டில் தீப்பிடித்தால்? அந்தக் கலவையை இன்றிரவே நிறுத்துங்கள், சாராயத்தை. குளிசையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், கவனம். ஏழெட்டு மாதம் போட்ட குளிசையைச் சடாரென்று விட்டால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும். குளிசை அட்டையை அப்படியே கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினால் வாரத்துக்கு வாரம் குறைத்துத் தருவார். பார்மசிப் பிள்ளையிடம் வாங்குவது இனி வேண்டாம்.

பிள்ளைகளை எடுப்பார்களா? நித்திரைக் குளிசை போடுகிறாள் என்பதற்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கச் சொன்ன டொக்டரை நான் இதுவரை கண்டதில்லை. நாங்கள் டிக்கெட்டில் எழுதுவது வைத்தியத்துக்கு, ஊருக்கு வாசித்துக் காட்டுவதற்கில்லை. ஆனால் வழக்கென்று ஒன்று வந்தால் நீதிமன்றம் வைத்தியப் பதிவுகளைக் கேட்கலாம், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் அந்தப் பதிவில் என்ன இருப்பது உங்களுக்கு நல்லது? ‘அடி காரணமாக நித்திரையில்லை, குளிசை போட்டார், தானே வந்து சொல்லி வைத்தியம் எடுத்துக் குறைத்தார்’ என்று இருப்பதா, அல்லது ஒருநாள் மயங்கிக் கிடந்தவரைத் தூக்கி வந்தோம் என்று இருப்பதா? இன்னொரு காரணமும் உண்டு, அது வெறும் வைத்தியக் காரணம். கையை நேராக்க மயக்க மருந்து கொடுக்கவேண்டி வந்தால், நோவுக்கு ஊசி போடவேண்டி வந்தால், நீங்கள் ஏற்கெனவே என்ன எடுத்திருக்கிறீர்கள் என்று தெரியாமல் கொடுப்பது ஆபத்து. போன மாதம் உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம்.

இப்போது அவர். குடியை விட்டால் நிற்குமா?

நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள் தங்கச்சி, நான் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் கண்டேன். அடிக்க முதல் போனை எடுத்து மேசையில் வைத்தார். போன் உடைந்துவிடும் என்று தெரிந்திருக்கிறது. எதை எங்கே வைக்கவேண்டும், எது பெறுமதி, எது உடையலாம் என்று கணக்குப் பார்க்கிற அளவுக்கு வெறி இடம் கொடுத்திருக்கிறது. வேலை முடிந்து குடித்துவிட்டு வரும் வழியில் சம்பளம் பிடித்துவைத்த பாஸை அடித்தாரா? வீதியில் மறித்த பொலிஸ்காரரை அடித்தாரா? வீடு வந்து, படலையைச் சாத்தி, போனை வைத்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார். குடி கையின் பாரத்தைக் கூட்டும், அடி எத்தனை என்பதைக் கூட்டும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த விடாது, இதெல்லாம் உண்மை, காயத்தின் ஆழத்தில் அதை நாங்கள் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறோம். ஆனால் மனிசியை அடிக்கலாம் என்ற எண்ணத்தை அது புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஒரு சொட்டும் குடிக்காத, விரதம் பிடிக்கிற, ஊரில் மரியாதையான மனிதர்களின் மனைவிமாரும் எங்களிடம் நடுக்கை முறிந்து வருகிறார்கள். குடிக்கிறவர்களிலும் எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துவிடுகிறார்கள். 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுதும் எடுத்த கணக்கின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதம், அதாவது ஐந்தில் ஒருவர், அந்தத் துணையாலேயே உடலளவிலோ பாலியல் ரீதியாகவோ தாக்கப்பட்டவர். இத்தனை பேரையும் போத்தலின் கணக்கில் எழுத முடியாது.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று மாமி சொல்லியிருப்பார். அந்தப் பழமொழியைச் சொன்னவர் யாரும் பிளாஸ்டர் போட்ட கையோடு சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

என்றாலும் அவருடைய குடியைச் சும்மா விடச் சொல்லவில்லை. அது தனி வருத்தம், அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. யுத்தத்தில் அவர் என்னென்ன பார்த்தார், யாரை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதத் தேவையுமில்லை, 2009ஐத் தாண்டி வந்த எங்களில் யாருக்குத்தான் அது இல்லை. நித்திரையில் கத்துவார், பட்டாசுச் சத்தத்துக்குப் பதுங்குவார் என்றால் அதற்கும் உளநலப் பிரிவில் வைத்தியம் உண்டு, குடி பல பேருக்கு அதற்கான கைமருந்து. இது அவர்மேல் இரக்கப்பட ஒரு காரணம். உங்கள் கை முறிந்ததை விளக்குகிற காரணமாக இதை எடுக்காதீர்கள், அதே பதுங்குகுழிக்குள் நீங்களும்தானே இருந்தீர்கள், நீங்கள் யாருடைய கையை முறித்தீர்கள்?

இரண்டு விஷயம் மட்டும் செய்யவேண்டாம். ஒன்று, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குளிசை, தூள் என்று எதையும் கலக்க வேண்டாம். குடியை வெறுக்க வைக்கிற குளிசை ஒன்று உண்மையாகவே இருக்கிறது, டொக்டர் பார்த்துக் கொடுத்து, அவரும் தெரிந்து எடுக்கவேண்டியது. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழுந்து, சிலவேளை உயிருக்கே வந்து நிற்கும். பேப்பர் விளம்பரத்தில் வருகிற தூளில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவர் கண்டுபிடித்தால் அந்த இரவு உங்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

மற்றது, தினமும் குடிக்கிறவரை ‘கோயிலில் சத்தியம் பண்ணு, இன்றோடு விடு’ என்று ஒரேயடியாக நிறுத்த வைக்க வேண்டாம். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உடம்பு பழகிப்போனவருக்கு, நிறுத்தி ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆளே மாறிவிடும், சுவரில் பூச்சி ஊருது என்பார், இல்லாத ஆளோடு கதைப்பார், கட்டிலால் குதித்து ஓடுவார். கால் முறிந்து வாட்டில் கிடக்கிற மனிதர் மூன்றாம் நாள் இப்படி ஆகும்போது வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்ட ஆளைக் கூட்டி வந்த கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. வைத்தியம் இல்லாமல் விட்டால் இதில் ஆள் சாகலாம், நேரத்துக்கு வந்தால் ஊசியும் விற்றமின் பி1உம் கொடுத்துத் தாண்டவைத்துவிடுவோம். ஆகவே அவர் விட நினைத்தால் உளநலக் கிளினிக்குக்கு வரச்சொல்லுங்கள், நினைத்தால் மட்டும். அவரை இழுத்துக்கொண்டு வருவது உங்கள் வேலை இல்லை. அவர் வைத்தியத்துக்குப் போகிறார் என்பதற்காக நீங்கள் உங்கள் பாதுகாப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம், குடியை விட்ட முதல் கிழமைகளில் எரிச்சலும் கோபமும் கூடுகிறதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே போய்க் கேட்கலாம், உங்களுக்காகப் பொலிசும் கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு ஒரு இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரித்து 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. அடிக்கக்கூடாது, கிட்ட வரக்கூடாது, நீங்கள் இருவரும் இருக்கிற வீட்டுக்குள் வரவே கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லலாம். இதைக் கேட்டவுடன் அவரைப் பிடித்துச் சிறையில் போடமாட்டார்கள், உங்களுக்கு வேண்டாததும் அதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் கட்டளையை மீறினால் அது குற்றம், ஒரு வருடம் வரை சிறை உண்டு. வழக்கறிஞருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அவரிடம் தொடங்குங்கள், அஸ்வெசும உதவிப்பண அலுவலாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் பின்வருவதில் ஒன்றாவது நடந்திருந்தால் சட்டம், யோசனை எல்லாம் பிறகு, இன்றைக்கே வீட்டைவிட்டு வெளிக்கிடுங்கள். கழுத்தில் கை வைத்திருந்தால், ஒரு தரமென்றாலும். அமெரிக்காவில் 2008இல் வந்த ஒரு ஆய்வின்படி, முன்பு கழுத்தை நெரித்த துணையின் கையால் பிறகு கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். கத்தியையோ மண்ணெண்ணெயையோ காட்டியிருந்தால். நீங்கள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால். பிள்ளைகள்மேலும் கை நீண்டிருந்தால். அடி முன்பைவிட அடிக்கடி வந்தால். கடிதத்தில் இவை இல்லை, ஆனால் கடிதத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. 1938க்கு அடித்தால் பெண்களுக்கான உதவிச் சேவை, பிள்ளைகளுக்கு 1929, காயமென்றால் 1990 அம்புலன்ஸ், ஆபத்தென்றால் 119. பேசிவிட்டு அழைப்பை அழித்துவிடுங்கள், போனைப் பார்க்கிற மனிதர் என்று எழுதியிருந்தீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், காணிப் பத்திரத்தின் ஒரு கொப்பி, இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒரு வீட்டில் வைத்துவிடுங்கள். மச்சாள் வீடு வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மச்சாள் உங்கள் கணவரின் தங்கை.

பிளாஸ்டர் எப்படியும் ஆறு கிழமையளவில் வெட்டுவார்கள், கிளினிக் நாள் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். அதுதான் உங்களுக்கு ஒருவரும் தடுக்க முடியாத போக்கு. மாமி கூட வந்தாலும் வரட்டும். வெட்டுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள், அந்த அறைக்குள் தனியாகத்தான் விடுவார்கள். உள்ளே நிற்கிறவரிடம் ‘நான் விழவில்லை, டொக்டரோடு தனியாகக் கதைக்கவேண்டும், குளிசையும் போடுகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பல அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்று ஒரு அறை இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள், சுகாதார அமைச்சு இதற்கென்றே வைத்தது, உங்கள் வைத்தியசாலையில் இருந்தால் அங்கே கூட்டிப் போவார்கள், கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கலாம். குளிசை அட்டையைக் கைப்பையில் மறக்காமல் கொண்டுபோங்கள். அந்தச் சின்ன டொக்டர் தம்பி அன்று வேலையில் நின்றால் அவரிடமே சொல்லலாம், இரண்டு தரம் கேட்டவர் மூன்றாம் தரமும் கேட்பார்.

வெட்டியவுடன் கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். பயப்படவேண்டாம், கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி, விரல்களை மடக்கி நீட்டுங்கள். வாளித் தண்ணீர் இரண்டு கிழமைக்கு மற்றக் கையால்.